பொதுக் கட்டடமும் பொதுக் கணக்கும்

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியமர்ந்த நம்மவர் பத்துக் குடும்பங்களாகச் சேர்ந்துவிட்டால், அங்கே ஒரு பேச்சு எழுவது வழக்கம். "நாம் எல்லோரும் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா?" என்பதே அப்பேச்சு. திருமணத்துக்கு ஒரு கூடம், பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கற்க ஓர் அறை, ஊரிலிருந்து இறப்புச் செய்தி வந்தால் நாலு பேர் உட்கார்ந்து ஆறுதல் கூற ஒரு திண்ணை; இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. கேட்பது சிறிது, கட்டி முடிப்பதோ பெரிது. அவ்வாறு எழுந்து வரும் கட்டடம் ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றோம்.

மும்பையில், செம்பூர்ப் பக்கத்தில், நாம் சேர்ந்துள்ள கத்தோலிக்கப் பங்கில் புதிய சமூகக் கூடம் ஒன்று கட்டப்பட்டு வருகின்றது. ஆலயத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஏனெனில், அதன் கதை டெல்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் உள்ள எந்தத் தமிழ்ச் சங்கத்துக்கும், கோவில் குழுவுக்கும், பள்ளிவாசல் ஜமாத்துக்கும் பொருந்தக்கூடிய கதையாகும்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகின்றோம். ஆதலின் சொல்லிலிருந்து தொடங்குவது எமக்கு எளிது. ஆங்கிலத்தில் 'பாரிஷ்' என்று வழங்கும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'பரோய்க்கியா' என்பது வேர். அயலாராய் வந்து ஓரிடத்தில் தங்கி வாழ்தல் என்பது அதன் பழம்பொருள். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இச்சொல் புதிதன்று. தமிழ்க் கத்தோலிக்கர் இதனைப் 'பங்கு' என்பர். குரு பங்குத்தந்தை, மக்கள் பங்குமக்கள். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபையார் 'சேகரம்' என்பர். அவர்களுடைய குரு சேகரகுரு. ஒரு சொல் ஒவ்வொருவருக்கும் உரிய பாகத்தைக் குறிக்கின்றது. மற்றொரு சொல் அப்பாகங்களைச் சேர்ப்பதைக் குறிக்கின்றது. பொதுக் கட்டடம் ஒன்று எழுவதற்கு இவ்விரண்டையும் தவிர வேறு என்ன வேண்டும்?

சமய வேறுபாடின்றி நம் ஊர்கள் இதனை நன்கு அறிந்திருந்தன. கோவில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகின்றார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வகுத்து, பணக்காரரிடத்தும் ஏழையிடத்தும் வாங்குகின்றார்கள். வணிகர்கள் மகமை என்று விற்பனையில் ஒரு சிறு பகுதியைப் பொதுவுக்கு ஒதுக்கினார்கள். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தார்கள் பெண்கள். அந்தப் பிடியரிசியால் தென்பாண்டிச் சீமையில் ஆலயங்கள் எழுந்தன. விருதுநகரில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையும் பிடியரிசி கொண்டு நடந்த பள்ளியே. ஒரு பிடி குறைந்ததால் எவர் வீட்டிலும் பட்டினி விழவில்லை. ஆனால் அந்தப் பிடியைக் கொடுத்தவள், "இது என் பள்ளிக்கூடம்" என்று சொல்லும் உரிமையைப் பெற்றாள்.

காலம் ஆகும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், அங்கே தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் பணி தொடங்கினார். ஆலயம் முற்றுப்பெற்றது 1880இல். இடையே 33 ஆண்டுகள் சென்றன. அவருக்கு அழியாப் புகழ் தந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே 1856இல் அச்சாகிவிட்டது. அப்போது ஆலயம் பாதியில் நின்றது. ஒரு கட்டடக் குழு மூன்று ஆண்டுகளில் மனம் தளரும்போதெல்லாம் இடையன்குடியை நினைத்துக்கொள்வது நல்லது.

மும்பைக்கு வந்த தமிழரும் இவ்வழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலமாக இருந்த தாராவிக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுத் தோல் பதனிடும் தொழிலாளர் வந்து குடியேறினர். அங்கே 1887இல் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. 1913இல் பிள்ளையார் கோவில் எழுந்தது. 1924இல் தாராவியின் முதற்பள்ளி எழுந்தது. அது தமிழ்ப் பள்ளி. தங்கள் குடிசைக்கு நல்ல கூரை அமையாத காலத்திலேயே பொதுவுக்குச் சுவர் எழுப்பியிருக்கின்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதுங்காவின் கதை சற்று வேறு. 1896இல் கொள்ளைநோய் பரவிய பின்னர், 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த புதிய பகுதிகளுள் அதுவும் ஒன்று. அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியர் அங்கே திரண்டனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. பஜனை சமாஜமும் ஆஸ்திக சமாஜமும் வளர்ந்தன. 1952இல் ஏற்பட்ட சண்முகானந்தா சபை 1963இல் ஏறத்தாழ 3,000 பேர் அமரக்கூடிய மாபெரும் அரங்கைத் திறந்தது. 1990இல் அந்த அரங்கு தீயில் அழிந்தது. எனினும் அப்பத்தாண்டு முடிவதற்குள் அதே இடத்தில் மீண்டும் எழுந்து, இன்றளவும் இசையை வழங்கி வருகின்றது. செங்கல்லும் இருக்கையும் எரியலாம். அதைத் தம்முடையது என்று எண்ணும் மக்கள் இருக்கும்வரை அக்கட்டடத்துக்கு முடிவில்லை.

இனி எங்கள் கூடத்துக்கு வருவோம்.

மும்பையில் கத்தோலிக்கப் பங்குகள் பொதுவாக இடத்தை எல்லையாகக் கொண்டவை, மொழியை அல்ல. ஆகவே எங்கள் பங்கில் கொங்கணி பேசுவோரும், மராத்தி பேசுவோரும், மலையாளிகளும், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரும் இருக்கின்றோம். ஆலயத்தின் பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த பழைய கூடம் ஒன்று இருந்தது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிறன்று மறைக்கல்வி, இடையிடையே திருமணம், எல்லாம் அதில்தான். சூன் மாதம் மழை இறங்கினால் கூடத்தில் எட்டு வாளிகள் வைக்க வேண்டும். சுவரும் உப்புப் பூத்து உதிரத் தொடங்கியதும், அதை இடித்துவிட்டு மூன்று நிலைக் கட்டடம் எழுப்புவது என்று முடிவாயிற்று.

தரைத்தளத்தில் கூடம், முதல் மாடியில் வகுப்பறைகள். இரண்டாம் மாடியைப் பற்றித் தமிழர்கள் ஒரு வேண்டுகோள் வைத்தனர். பரேலில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். நோயாளியோடு வரும் உறவினர் தங்க இடமின்றி நடைபாதையில் படுப்பதை அவ்வழியே செல்வோர் யாவரும் கண்டிருப்பர். எங்கள் பங்கிலும் மாதம் ஒரு குடும்பமாவது அவ்வாறு ஊரிலிருந்து வரும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் நோயாளியை எங்கே படுக்க வைப்பது? எனவே இரண்டாம் மாடியில் நான்கு அறைகளும் ஒரு சமையலறையும் வேண்டும் என்று கேட்டோம். மற்ற மொழியினர் தயங்காமல் இசைந்தனர். அந்த அறைகள் எந்த மொழியினருக்கும் உரியவை என்றும் தீர்மானமாயிற்று.

மும்பையில் வீடு கட்ட அனுமதி பெறுவது எளிதன்று. 1888ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 346ஆம் பிரிவின்கீழ் முதலில் வரும் தாள் ஒன்றுக்கு விந்தையான பெயர் உண்டு. இன்னின்ன நிபந்தனைகள் நிறைவேறினால் கட்டலாம் என்று சொல்லும் அந்தத் தாளுக்கு, 'இசைவின்மை அறிவிப்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பேச்சு வழக்கில் அதனை ஐ.ஓ.டி. என்பார்கள். அது கையில் வந்த பிறகு அடித்தளம் வரை எழுப்ப ஒரு தொடக்கச் சான்று. அடித்தளத்தைச் சரிபார்த்த பின் மேலே எழுப்ப மற்றொரு சான்று. முடிவில் குடிபுகுவதற்கு ஒரு சான்று.

அறிவிப்புப் பலகைக்குத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு எம்முடையதாக இருந்தது. பெயரை உள்ளவாறே பெயர்த்து, "மாநகராட்சியின் இசைவின்மை அறிவிப்பு வந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கின்றோம்" என்று எழுதி ஒட்டினோம். மறுவாரமே தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் காணிக்கை சுருங்கிற்று. "அரசாங்கம் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதாம்; நம் பணத்தைத் திருப்பித் தருவார்களா?" என்று மக்கள் கேட்கத் தொடங்கினர். பிழை சட்டத்தினுடையதாக இருக்கலாம். அதனை மக்களுக்கு விளக்காமல் சொல்லுக்குச் சொல் வைத்த பிழை எம்முடையது. அன்று ஓர் உண்மையை உணர்ந்தோம். பொதுப் பணத்தைப் பற்றிய அறிவிப்பு மக்களுக்கு விளங்கவில்லையானால், அது அறிவிக்கப்படாததற்கே சமம்.

பின்னர் நிலம் தோண்டினார்கள். பழைய உப்பளச் சதுப்பை ஒட்டிய இடம். தோண்டத் தோண்டக் கருஞ்சேறு. கெட்டித் தரை எட்டும்வரை பைல் என்னும் ஆழ்தூண்களை இறக்க வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த செலவு ஏறிற்று. மண்ணுக்குள் மறைந்துவிடும் வேலைக்குப் பணம் கேட்பது கடினம், "சுவர் ஓர் அடி கூட எழவில்லையே, பணம் எங்கே போயிற்று?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். அந்தக் கேள்வி எழுந்த வேளையில்தான் எங்கள் கணக்கில் ஓர் இடர் நேர்ந்தது.

வீடு வீடாகச் சென்று நன்கொடை வாங்கிய குழுவில் இருந்த ஒருவர் வேலை மாற்றலாகி வெளியூர் சென்றார். அவர் வசம் இருந்த ரசீதுப் புத்தகம் ஒன்று, 100 தாள் கொண்டது, அடிக்கட்டையோடு காணாமற்போயிற்று. பணம் வங்கிக்கு வந்ததா, வரவில்லையா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆண்டுக் கணக்கை வாசிப்பதைக் குழு தள்ளிப்போட்டது. ஒரு மாதம் தள்ளியது, பிறகு ஆறு மாதமாயிற்று. குழுவில் இருந்தவர் எவரும் கள்வரல்லர். எல்லோரும் வெட்கப்பட்டார்கள், அவ்வளவே. ஆனால் வெளியே இருப்பவருக்கு வெட்கத்தையும் களவையும் பிரித்தறிய வழியேது? காணிக்கை நின்றது. ஒப்பந்தக்காரர் தம் ஆட்களை வேறு வேலைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். ஒரு மழைக்காலம் முழுவதும் துருவேறிய கம்பிகள் வானைப் பார்த்து நின்றன.

இதற்கு விடை தந்தவர் விடியற்காலையில் இட்டிலிப் பாத்திரம் சுமந்து தெருத்தெருவாக விற்கும் ஒரு மூதாட்டியார். முன்பு அவர் வீட்டுக்கு நன்கொடைக்குச் சென்றபோது ஐம்பது ரூபாய் கொடுத்தார். இவ்வளவு சிறு தொகைக்கு ரசீது எதற்கு என்று எண்ணிப் புறப்பட்டோம். அவர் விடவில்லை. "தம்பி, ரசீது எழுதிக் கொடுங்க. பங்கு, பங்கு என்று சொல்றீங்களே, பங்குக்கு எழுத்து வேண்டாமா?" என்றார். எழுதிக் கொடுத்தோம். மாதந்தோறும் அவ்வாறே நடந்தது.

கணக்கு இடறிய வேளையில், அவரே தம் தகரப் பெட்டியிலிருந்து ரசீதுகளை எடுத்துவந்து பங்குத்தந்தையின் மேசைமேல் வைத்தார். காணாமற்போன புத்தகத்தின் தாள் ஒன்றும் அவற்றுள் இருந்தது. அதன் பிறகே எங்களுக்கு வழி தெரிந்தது. அடிக்கட்டை போனால் என்ன? மேல் தாள்கள் மக்களிடம் இருக்கின்றனவே! தமிழ்த் திருப்பலி முடிந்ததும் மூன்று ஞாயிறுகள் கேட்டுக்கொண்டோம். விவிலியத்தின் அட்டைக்குள்ளிருந்தும், நாட்காட்டியின் பின்னிருந்தும், குடும்ப அட்டை வைத்திருந்த உறையிலிருந்தும் தாள்கள் வந்தன. 100 தாள்களில் 91 கிடைத்தன. அவற்றின் தொகை, வங்கியில் ஒரே நாளில் மொத்தமாகச் செலுத்தப்பட்டிருந்த ஒரு தொகையைவிடச் சற்றே குறைவாக இருந்தது. சில மாதங்களுக்குப் பிறகு, ஊர் மாறிச் சென்ற நண்பர் பெட்டியைப் பிரித்தபோது புத்தகமும் அகப்பட்டது. ஒரு ரூபாயும் குறையவில்லை. பணம் போகவில்லை, போனது நம்பிக்கை. அதனை மீட்க ஓர் ஆண்டு பிடித்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று வரவும் செலவும் நான்கு மொழிகளில் வாசிக்கப்படுகின்றன. எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை டன் கம்பி, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், இன்னும் எவ்வளவு வேண்டும் என்று பலகையில் ஒட்டப்படுகின்றன. கேள்வி கேட்பவரைக் குழப்பக்காரர் என்று நினைப்பதை விட்டோம். கேள்வி கேட்பவர் தம் பங்கை மறவாதவர் அல்லரோ?

சென்ற கோடையில் முதல் தளத்துக்குக் கான்கிரீட் இட்டோம். கலவை வண்டி குறுகிய சந்துக்குள் வர வேண்டுமாதலால் இரவிலே வேலை நடந்தது. தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாத வேலை அது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர் விடியும்வரை உழைத்தனர். அவர்களும் நம்மைப்போல் அயலாராய் வந்து தங்கியவர்களே. பெண்கள் சுக்குக் காப்பி காய்ச்சிக் கொடுத்தனர். மறுநாள் தளத்தின்மேல் சிறு வரப்புக் கட்டி நீர் தேக்கினார்கள். பல நாட்கள் அது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் முறைபோட்டுக்கொண்டு, நாளுக்கு இருமுறை நீர் ஊற்றினார்கள். மும்பையில் பிறந்து தமிழைத் திக்கித் திக்கிப் படிக்கும் அப்பிள்ளைகள், "நாங்கள் தண்ணீர் விட்ட தளம்" என்று இன்று சொல்லிக்கொள்கின்றார்கள்.

பொதுக் கூடம் எதற்குப் பயன்படும் என்று இன்னும் ஐயுறுவோர்க்கு இரண்டு நாட்களை நினைவூட்டுவோம். 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள், சாந்தாக்குரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. அன்றிரவு வீடு திரும்ப இயலாதவர்க்குக் கோவிலும் பள்ளிவாசலும் ஆலயமும் கதவு திறந்தன. எவரும் எவரையும் சமயம் கேட்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் நாளன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். வீட்டுக்குள் தனித்திருக்க இடமில்லாத அவ்வூரைக் காக்க, பள்ளிகளும் திருமண மண்டபங்களும் விளையாட்டுக் கூடங்களுமே தனிமை இல்லங்களாயின. சிறிய வீடுகள் நிறைந்த ஊரில் பெரிய கூடம் ஆடம்பரம் அன்று; அது எல்லோருக்கும் உரிய இன்னோர் அறை.

தாராவியைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அதனைப் புதுப்பித்துக் கட்டும் திட்டம் 2004இல் வகுக்கப்பட்டது. 2022இல் அதற்கான ஏலம் முடிந்தது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்கு மின்கட்டணச் சீட்டையும் வாக்காளர் பட்டியலையும் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் சந்து முனையில் உள்ள படிப்பகத்துக்கும், ஊர்ச் சங்கத்தின் ஓரறைக் கூடத்துக்கும், சிறு வழிபாட்டிடத்துக்கும் சான்றைத் தேடுபவர் யார்? எல்லோருக்கும் சொந்தமான ஒன்று, கேட்பாரில்லையென்றால், எவருக்கும் சொந்தமில்லாததாகிவிடும்.

ஆகவே, நேயர்களே, எந்த நகரில் நீங்கள் வாழ்ந்தாலும், உங்கள் சங்கத்துக்கோ சமாஜத்துக்கோ சபைக்கோ ஒரு கட்டடம் இருக்குமானால், அதன் பதிவுச் சான்று எங்கே இருக்கின்றது என்று இந்த வாரமே கேளுங்கள். மகாராட்டிரத்தில் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டம் உள்ளது. அதன்கீழ்ப் பதிவான அறக்கட்டளையின் நிலத்தையோ கட்டடத்தையோ அறநிலைய ஆணையரின் முன் அனுமதியின்றி விற்க இயலாது. உங்கள் மாநிலத்தில் என்ன சட்டம் என்று அறிந்துகொள்ளுங்கள். பழைய தீர்மானப் புத்தகங்களை எறிந்துவிடாதீர்கள். அடிக்கல் நாட்டிய நாளின் புகைப்படம், பழைய வரிச் சீட்டு, கரையான் அரித்த ரசீதுப் புத்தகம் ஆகியவை வெறும் குப்பை அல்ல. உங்கள் பாட்டனார் கொடுத்த பிடியரிசிக்கு அவையே சாட்சி.

எங்கள் கூடம் இன்னும் முடியவில்லை. தரைத்தளத்தில் மறைக்கல்வி நடக்கின்றது. கதவும் சன்னலும் இன்னும் வரவில்லை. முதல் மாடியின் சுவர்கள் எழுந்துள்ளன. மழை ஓய்ந்ததும் இரண்டாம் மாடிக்குத் தளம் போட வேண்டும். அதற்குரிய தொகையில் ஏறத்தாழப் பாதி கையில் உள்ளது. சென்ற மாதமும் ஊரிலிருந்து ஒரு தாயும் மகனும் மருத்துவமனைக்கு வந்தார்கள். தாய்க்குச் சிகிச்சை நடக்கும் நாட்களில் மகன் தங்க எங்களால் இடம் தர இயலவில்லை. அந்த வாரத்துக் கணக்கை வாசித்தபோது, செலவுப் பட்டியலின் கீழே, நான்கு மொழிகளிலும் ஒரு வரி சேர்த்தோம்: "இரண்டாம் மாடி முடியாததால் இம்மாதம் ஒருவருக்கு இடமில்லை என்று சொல்ல நேர்ந்தது."

அதுவும் கணக்கில் சேர வேண்டியதுதானே.